பங்கு இல்லத்தில் பழைய சாமியார்கள் விட்டுச்சென்ற புத்தகங்கள்: எங்கே ஆரம்பிப்பது?

இளையோர் குழு, திண்டுக்கல் பக்கம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கத்தோலிக்கக் கோயில் சாமியார் தங்கும் பங்கு இல்லம் நூறு வருசத்துக்கு மேல் பழசு. சுண்ணாம்புக் காரைச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை. மழைக்கு ஒழுகுகிறது என்று இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பங்குப் பேரவையில் முடிவாகிவிட்டது. சாமான் ஒழிக்கும் வேலை எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது.

மாடியில் பின்னறையில் இரண்டு தேக்கு பீரோ. திறந்தால் முழுக்கப் புத்தகம், முந்நூறுக்குக் குறையாது. பெரும்பாலும் லத்தீன், பிரெஞ்சு. தோல் அட்டையைத் தொட்டால் செங்கல் பொடி மாதிரி கையில் ஒட்டுகிறது. சிவப்பும் கறுப்புமாக அச்சடித்த பெரிய பூசைப் புத்தகம் இரண்டு. ஒரே மாதிரி நான்கு குட்டிப் புத்தகங்கள், விளிம்பில் தங்கப் பூச்சு. 'புதுச்சேரி, 1855' என்று போட்ட தடித்த தமிழ் பிரெஞ்சு அகராதி, முதல் பாகம் மட்டும் இருக்கிறது. கீழ்த் தட்டில் நூலால் தைத்த தமிழ்ச் சிறு புத்தகங்கள் ஒரு கட்டு, அப்புறம் கையெழுத்து நோட்டுகள். அந்தத் தட்டின் ஓரத்தில் கரையான் ஏறியிருக்கிறது.

பங்குச் சாமியார் எங்களிடமே விட்டுவிட்டார், திருவிழாவுக்குள் அறை காலியானால் போதும் என்கிறார். பேரவையில் ஒருவர் எடைக்குப் போடலாம் என்றார். மதுரையிலிருந்து ஒரு பழைய புத்தக வியாபாரி வந்து பார்த்துவிட்டு அகராதியையும் பூசைப் புத்தகங்களையும் மட்டும் கேட்கிறார், மற்றது வேண்டாமாம். வருகிற பணம் கட்டட நிதிக்கு ஆகும் என்று சிலருக்கு எண்ணம். எனக்கு மனசு வரவில்லை. எது முக்கியம், யாரிடம் கொடுக்கலாம்? எங்களில் லத்தீனோ பிரெஞ்சோ தெரிந்தவர் யாரும் இல்லை.

ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

தம்பி, முதலில் அந்த வியாபாரிக்கு இப்போது தருவதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். பீரோவைப் பூட்டி ஒரு சாவியைச் சாமியாரிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எடைக்குப் போடும் பேச்சு இனி எழவே கூடாது.

நான் கல்லூரி நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகு மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பங்குகளில் கூப்பிட்ட இடத்துக்குப் போய் இந்த மாதிரி பீரோக்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். நீங்கள் சொல்கிற அடுக்கை அப்படியே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், எது முக்கியம் என்று இப்போது பிரிக்கவே பிரிக்காதீர்கள். புத்தகங்கள் நிற்கிற வரிசையிலேயே, ஒன்றையும் இடம் மாற்றாமல், முதலில் பட்டியல் போடுங்கள். அது முடிகிற வரை எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், நல்ல காப்பகத்துக்குக்கூட.

ஏன் என்றால், அந்த பீரோவில் இருப்பது முந்நூறு தனித்தனிப் புத்தகங்கள் இல்லை. ஒரு ஊரில் அடுத்தடுத்து வந்த சாமியார்கள் எதைப் படித்தார்கள், எதை வைத்துப் பிரசங்கம் செய்தார்கள், எந்தச் சிக்கலுக்கு எதைப் புரட்டினார்கள் என்பதன் சாட்சி அது. 1838இல் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனுக்கு வந்த காலத்தில் ஒருவரே பல கிராமங்களைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் போய்ப் படிக்க நூலகம் கிடையாது. பாவசங்கீர்த்தனத்தில் எழும் சந்தேகத்துக்கும் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்துக்கும் கோயில் கட்ட வளைவு போடும் கணக்குக்கும் கையில் இருந்த புத்தகம்தான் துணை. வியாபாரி கேட்கிற மூன்றை உருவிக் கொடுத்துவிட்டால் மீதி வெறும் பழைய காகிதமாகிவிடும்.

விலையும் மதிப்பும் இந்தப் பீரோவில் நேர் எதிராக நிற்கும். அந்தத் தங்க விளிம்புக் குட்டிப் புத்தகங்கள் நான்கும் கட்டளை ஜெபப் புத்தகம். குளிர்காலம், வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று வருடத்தை நான்காகப் பிரித்து அச்சடிப்பார்கள். ஒவ்வொரு குருவும் நாள்தோறும் அதைச் சொல்லியாக வேண்டும் என்பதால் ஐரோப்பாவில் ரெகன்ஸ்பர்க்கிலும் தூரிலும் மெக்லனிலும் அச்சகங்கள் அதைக் கணக்கில்லாமல் அடித்துத் தள்ளின. பூசைப் புத்தகமும் அப்படியே. 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்ததும் இவை எல்லாம் மாடியறைக்குப் போயின. பார்க்க அழகு, விலையும் கிடைக்கும், ஆனால் உலகம் முழுக்க இருக்கிறது.

உங்கள் பீரோவில் உண்மையிலேயே அரிதானது கீழ்த் தட்டுதான், நூலால் தைத்த அந்தத் தமிழ்க் கட்டு. செபப் புத்தகம், ஞான உபதேசம், தவசு காலப் பாட்டு, அர்ச்சியசிஷ்டவர் (புனிதர்) சரித்திரம் என்று ஓரணா இரண்டணாவுக்கு விற்றவையாக இருக்கும். வாங்கியவர்கள் கிழிகிற வரை கையில் வைத்துப் படித்தார்கள், அதனாலேயே மிஞ்சவில்லை. நம் அச்சு வரலாறு முழுக்க இந்தக் கதைதான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றைக்கு எஞ்சியிருப்பவற்றில் அதுவே பழையது. அதைப் பார்க்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா பாதிரியாரின் தமிழ் போர்ச்சுக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் தனிநாயகம் அடிகள் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் நம் கைக்கே வந்தது. ஊரில் புழங்கியது ஊரில் அழிந்தது, கப்பலேறிப் போன ஒரு பிரதி பிழைத்தது. உங்கள் பீரோவின் கீழ்த் தட்டு ஊரிலேயே பிழைத்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

பட்டியல் என்றால் சிலருக்கு வெறும் எழுத்து வேலையாகத் தெரியும். தரங்கம்பாடியில் சீகன்பால்க் போதகர் தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள், ஒவ்வொன்றுக்கும் அது எதைப் பற்றியது, யார் படிக்கிறார்கள் என்று சிறு குறிப்பு. அந்தச் சுவடிகள் இன்று ஒரே தொகுப்பாக எங்கும் இல்லை. பட்டியல் நின்றுவிட்டது. முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு கடற்கரைப் பட்டினத்தில் என்னென்ன தமிழ் நூல்கள் கைக்குக் கிடைத்தன என்று இன்றைக்கு நாம் பேச முடிவது அதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒவ்வொரு தட்டையும் நேராக நின்று, முதுகு எழுத்து தெரியும்படி போட்டோ எடுங்கள். பிறகு இடது ஓரத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பென்சிலில் எண் எழுதிய வெள்ளைத் துண்டுச் சீட்டை உள்ளே வையுங்கள். ஸ்டிக்கர், செலோ டேப், பசை, பேனா எதுவும் கிட்டே வரக்கூடாது. தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முன் பின் வெற்றுத் தாள்கள், முத்திரை, கையொப்பம் எல்லாம் போட்டோவில் வரட்டும். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, எழுத்தைப் பார்த்து அப்படியே பகர்த்தி எழுதுங்கள். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் பிறகு போட்டோவைப் பார்த்தே சரிசெய்துவிடுவார்.

வெற்றுத் தாள்களை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பங்கில் ஒழுக்கவியல் நூல் ஒன்றின் கடைசித் தாளில் ஊர்க் கிணறு வெட்டிய கணக்கு பென்சிலில் இருந்தது. இத்தனை அடியில் சுக்கான், இத்தனை அடியில் பாறை, வெடிமருந்துக்கு இவ்வளவு, கூலி வாங்கியவர்கள் பெயர். பெயர்கள் மட்டும் ரோமன் எழுத்தில், மற்றதெல்லாம் பிரெஞ்சில். அந்தக் கிணற்றில் இன்னும் தண்ணீர் இறைக்கிறார்கள், ஆனால் அதை வெட்டியவர்கள் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கூலிப் பட்டியலில் இருந்த பெயர்களை வாசித்துக் காட்டியபோது இரண்டு குடும்பங்கள் தங்கள் பாட்டன் பெயரைக் கண்டுகொண்டன. அந்த நூலை யாரும் விலைக்குக் கேட்க மாட்டார்கள்.

பக்கங்களுக்கு நடுவே கறுப்புக் கரை போட்ட நினைவு அட்டை, பூசைக் காணிக்கைச் சீட்டு, மருந்துத் தாள், காய்ந்த இலை இருக்கும். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு அதே இடத்தில் வையுங்கள். கையொப்பத்துக்கு முன்னால் 'ஆத் ஊசும்' (பயன்பாட்டுக்கு) என்று லத்தீனில் இருந்தால் அது பெரும்பாலும் துறவற சபைக் குருவின் கையில் இருந்த நூல். வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குச் சொந்தப் புத்தகம் கிடையாது, சபையின் புத்தகத்தைப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான். பிற்பாடு உடைமைப் பேச்சு வரும்போது இந்தக் கையொப்பம் உதவும்.

கையில் ஒட்டுகிற சிவப்புப் பொடி தோல் மக்குவதால் வருவது. எண்ணெய் தடவாதீர்கள், துடைக்காதீர்கள், வெள்ளைக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். நனைந்ததை வெயிலில் போட வேண்டாம், நிழலில் ஃபேன் காற்று போதும். வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து தட்டில் வையுங்கள், தாளுக்குள் வேண்டாம். கரையான் ஏறிய தட்டை மட்டும் இன்றைக்கே காலி செய்து சுவரில் இருந்து தள்ளி வைத்துவிடுங்கள், ஆனால் அதற்கு முன் போட்டோ.

அகராதியைப் பற்றி ஒன்று. அது பாரிஸ் மிஷனைச் சேர்ந்த மூசேவும் துயுப்புயியும் செய்தது. முதல் பாகம் 1855, இரண்டாம் பாகம் 1862. இரண்டாவது தொலைந்தே போனது என்று முடிவு கட்ட வேண்டாம். மாற்றலாகிப் போன ஒரு சாமியார் வேலைக்காகக் கையோடு கொண்டுபோயிருக்கலாம். பக்கத்துப் பங்குகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு தொகுப்பின் ஒரு பாகம் அடுத்த ஊர் பீரோவில் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு பங்குப் பணியாளர் (பங்குச் சாமியார்)

நூலகர் ஐயா சொன்னதோடு சபைச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், பேரவையில் பேச உதவும். திருச்சபைச் சட்டம் 491 பங்குகளின் ஆவணங்களையும் பத்திரமாகக் காக்க வேண்டும், பட்டியல் இரண்டு படி எடுத்து ஒன்றை அந்தந்த இடத்திலும் இன்னொன்றை மறைமாவட்டக் காப்பகத்திலும் வைக்க வேண்டும் என்கிறது. 535ஆம் சட்டத்தின் கடைசிப் பிரிவு பழைய பங்கு ஏடுகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது. வரலாற்று மதிப்புள்ள பொருளை விற்க ரோமாபுரியின் அனுமதி வேண்டும் என்று 1292 சொல்கிறது. அதனால் பேரவை கைதூக்கி முடிவு செய்து விற்க முடியாது. 1994இல் திருச்சபை நூலகங்களைப் பற்றி வத்திக்கானில் இருந்து எல்லா ஆயர்களுக்கும் ஒரு கடிதமே போனது.

நாட்டுச் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படி 75 வருடத்தைத் தாண்டியிருந்தால் தொல்பொருள்தான். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது.

உங்கள் சாமியாரைக் குறை சொல்ல வேண்டாம். எங்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல். வந்து இறங்கும்போது பதிவேடுகள், வங்கிக் கணக்கு, காணிக்கைக் கணக்கு எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம். புத்தக அலமாரி அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. இங்கிலாந்தில் 1708இலேயே பங்கு நூலகங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். புதிதாக வருகிற குரு ஆறு மாதத்துக்குள் புத்தகப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும், பழையவர் இறந்தால் கோயில் பொறுப்பாளர்கள் நூலகத்தை உடனே பூட்ட வேண்டும். நாமும் பதிவேடு ஒப்படைக்கிற அன்றே இதையும் ஒப்படைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நீங்கள் போடுகிற பட்டியலை ஆயர் இல்லத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வேந்தரிடம் ஒரு படி கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

மன்னார்ப் பெண்

இதை வாசிக்க மனம் பதறுகிறது, அதனால் எழுதுகிறேன். எங்கட ஊரில் சுவாமியின் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. இடம்பெயர்ந்து போகேக்கை சுவாமி ஞானஸ்நானப் பதிவுகளையும் விவாகப் பதிவுகளையும் உரப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். சனத்துக்கு நாளைக்கு வேண்டியது அதுதானே. அலுமாரியை எடுக்க நேரமும் இல்லை, வாகனமும் இல்லை. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை.

அதற்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கு ஒருத்தராலும் சொல்ல ஏலாது, ஏனென்றால் ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. வியாகுலப் பிரசங்கக் கொப்பி ஒன்று மட்டும் தப்பியது. யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியது, தவக்காலத்தில் எங்கட பக்கம் இராகத்தோடு வாசிப்பார்கள். ஒரு மூப்பர் படித்துப் பழக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார், அதனால் இருக்கிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிவதைப் பார்த்து தாவீது அடிகள் உயிரை விட்டார். மொழிகள் பல கற்ற ஒரு குரு. புத்தகம் என்றால் எங்கட குருமாருக்கு என்னவாக இருந்தது என்று அதுக்கு மேலே நான் சொல்லத் தேவையில்லை. தம்பி, உங்களுக்குச் சண்டை இல்லை, நெருப்பு இல்லை, ஒரு திருவிழாத் தவணை மட்டும்தான். தவணையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கோ. இங்கே நூலகம் நிறுவனத்துப் பிள்ளைகள் 2005 தொடக்கம் இலங்கைத் தமிழ் நூல்களை ஸ்கான் பண்ணி இணையத்தில் போடுகிறார்கள். ஊர் ஊராகத் தேடிப் போய் எடுத்த வேலை அது. உங்கட இளையோருக்கும் அது ஏலும்.

இளையோர் குழு, திண்டுக்கல் பக்கம்

எல்லாருக்கும் நன்றி. 491, 1292 இரண்டையும் பேரவையில் வாசித்தோம், விற்கும் பேச்சு நின்றுவிட்டது. சாமியாரே வந்து முதல் தட்டுக்கு எண் போட்டார். அக்கா, தவணையும் தள்ளிப்போட்டாயிற்று. இடிக்கும் வேலையைப் பின்பக்கத்தில் தொடங்காமல் முன்பக்கத்தில் தொடங்கச் சொல்லியிருக்கிறோம்.

கையெழுத்து நோட்டில் ஒன்று எங்களுக்குப் பிடிபடவில்லை. நீளவாட்டில் மடித்துத் தைத்தது. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் பிரெஞ்சு. எல்லாம் ஊர்ப் பேச்சு. வரப்பு, மடை, கமலை, கூனை, கொழுந்தியாள், சகலை, தாய்மாமன் சீர் என்று போகிறது. பிரெஞ்சு எழுதிய கை பல இடங்களில் தமிழைத் தப்பாக எழுதியிருக்கிறது. அதை வேறொரு கை, கறுத்த மையில், அடித்துத் திருத்தியிருக்கிறது. திருத்தியவர் தமிழ்க்காரர் என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பெயர் எங்கும் இல்லை. இதை யாருடைய நோட்டு என்று எழுதுவது?

ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

தம்பி, நோட்டை ஸ்கேன் எடுக்கிற வரிசையில் முதலாவதாக வையுங்கள். அச்சு நூல்கள் காத்திருக்கலாம்.

யாருடையது என்று ஊகித்து எழுத வேண்டாம். பட்டியலில் 'இரண்டு கைகள். ஒன்று பிரெஞ்சு எழுதிய கை, மற்றது தமிழைத் திருத்திய கை' என்றே போடுங்கள். இரண்டாவது கை பெரும்பாலும் அந்தக் காலத்து உபதேசியார், அதாவது சாமியாருக்குத் துணையாக ஞான உபதேசம் சொல்லிக் கொடுத்த ஊர்க்காரர். வெளிநாட்டில் இருந்து வந்த சாமியாருக்கு ஊர்த் தமிழ் சொல்லிக் கொடுத்தது உபதேசியார்கள்தான், ஆனால் எந்த நூலின் அட்டையிலும் அவர்கள் பெயர் இருக்காது. கண்டுபிடிக்க வழி உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் சாட்சிக் கையொப்பம் இருக்கும். நோட்டில் உள்ள ழகரம், றகரம், கொம்பு போடும் விதம் மூன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரெஞ்சுக் கையை அதே ஏட்டில் சாமியார்கள் போட்ட கையொப்பங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே சில வருடங்களில் சேர்ந்து வந்தால் ஆள் யார் என்பதும் காலமும் ஓரளவு பிடிபடும். அப்போதும் 'இவராக இருக்கலாம்' என்று பென்சிலில் எழுதுங்கள்.

பதிவேட்டைச் சாமியார் முன்னிலையில் மட்டும் திறக்க வேண்டும். அதில் குடும்பங்களின் விசயம் இருக்கிறது, போட்டோ எடுத்துக் குழுவில் அனுப்புகிற பழக்கம் வேண்டாம்.

எங்கே வைப்பது என்று முதலில் கேட்டீர்கள். புது இல்லத்தில் கசிவில்லாத ஓர் அறையும் பூட்டும் கிடைக்குமானால் ஊரிலேயே வையுங்கள், அதுதான் என் விருப்பம். முடியாவிட்டால் மறைமாவட்டக் காப்பகம். இயேசு சபைக் கையொப்பங்கள் அதிகம் இருந்தால் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருக்கும் அவர்களுடைய காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள், அந்தச் சாமியார்களின் கடிதங்கள் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. எங்கே போனாலும் இரண்டு பீரோவும் ஒன்றாகப் போகட்டும். தமிழ்க் கட்டின் தலைப்புகளைப் பட்டியல் முடிந்ததும் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு அனுப்பி ஒப்பிட்டுக் கேளுங்கள். அவர்களிடம் இல்லாதது இருந்தால் அதை உடனே படமெடுக்க ஏற்பாடு செய்யலாம். அந்த பிரெஞ்சுத் தலைப்புகளுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு நானே வருகிறேன். ஜன்னல் ஓரமாக நீளமான மேசை ஒன்று போட்டு, மென்மையான பெயிண்ட் பிரஷ் நான்கைந்தும் ஒரு கட்டு வெள்ளைக் காகிதமும் பென்சில்களும் வாங்கி வையுங்கள். பிரெஞ்சு ஓரளவு படிக்கும் ஒரு நண்பரையும் அழைத்து வருகிறேன். கீழ்த் தட்டை நான் வரும் வரை யாரும் பிரிக்க வேண்டாம். பழைய நூல் இற்றிருக்கும், கட்டை அவிழ்த்தால் முதல் தாளும் கடைசித் தாளும் அதோடு போய்விடும்.